நாற்பத்தாறு பேரும் ஏற வேண்டிய பால்கனி

அன்பு மகள் பெரியவளுக்குச் சித்தப்பா எழுதிக்கொள்வது. இங்கே நானும் உன் சித்தியும் சின்னவளும் கைகால் சுகத்தோடு இருக்கிறோம். அங்கே நீயும் வேளைக்குச் சாப்பிட்டு, குளிருக்கு இழுத்துப் போர்த்திக்கொண்டு, தெம்பாக இருப்பாய் என்ற நினைப்பில்தான் பேனாவை எடுத்தேன். என் உடம்பைப் பற்றிக் கவலைப்படாதே. போன வாரம் டாக்டர் என் நெஞ்சில் குழாயை வைத்துக் கேட்டுவிட்டு, இந்த வயதில் இப்படி ஒரு இதயமா என்று நாற்காலியை விட்டே எழுந்துவிட்டார். அவர் எழுந்தது மாத்திரைச் சீட்டை எடுப்பதற்கு என்கிறாள் உன் சித்தி. அவளுக்கு எதையும் சின்னதாக்கிச் சொல்லியே பழக்கம். போனில் பேசாமல் ஏன் கடிதம் என்று கேட்பாய். போனில் உன் குரலைக் கேட்டால் உன்னைச் சிரிக்க வைக்க வாய் தானாகத் தொடங்கிவிடும், சொல்ல வந்ததை விட்டுவிடுவேன். அதனால் எழுதுகிறேன், சின்னவள் இதைப் படம் பிடித்து அனுப்புவாள். மகளே, ஏழு நாளாக எனக்குச் சோறு இறங்கவில்லை. பயமாக இருக்கிறது.

சின்னவளின் பள்ளிக்கூடத்தில் கடைசி வகுப்புப் பிள்ளைகள் வெளியே போவதற்கு முன்னால் ஒரு நடை நடப்பார்கள், உனக்குத் தெரியுமே. ஒன்றாம் வகுப்பு அறையில் தொடங்கி, படித்த ஒவ்வொரு அறையாகப் போய், அங்கங்கே நடந்ததை ஆளுக்கொன்றாகச் சொல்லிக்கொண்டு வருவது. வீட்டார்களும் கூடப் போகலாம். போன வாரம் நானும் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு போனேன். அந்தக் கட்டடம் கட்டிய கை இது அல்லவா, நான் உள்ளே நுழைந்ததும் ஐந்நூறு பேர் திரும்பிப் பார்த்தார்கள். நூறு என்று சின்னவள் பக்கத்தில் உட்கார்ந்து திருத்துகிறாள், நூறு என்றே வைத்துக்கொள். பிள்ளைகள் சொன்னதைக் கேட்டுச் சிரித்துச் சிரித்து எனக்கு வயிறு வலித்தது. ஒருத்தி, இந்த மூலையிலதான் நான் மூணு வருஷம் பென்சில் துருவியைத் திருடி ஒளிச்சு வெச்சேன், பதினொண்ணு இருந்துச்சு, இப்ப மன்னிப்புக் கேட்டுக்கறேன் என்றாள். உடனே பின்னாலிருந்து ஒருவன், அதுல சிவப்பு என்னோடது, எனக்குத் திருப்பித் தா என்றான். கணக்கு டீச்சர் தும்மினால் வகுப்பே எழுந்து நின்ற கதை, முதல் முதலாகக் கண்ணாடி போட்டு வந்தவளுக்காகப் பத்துப் பேர் காகிதத்தில் கண்ணாடி வெட்டி மாட்டிக்கொண்ட கதை, இப்படிப் பன்னிரண்டு வருடமும் ஒரு காலை நேரத்தில் ஓடியது. தலைமை ஆசிரியை அம்மா கூட மூக்கைத் துடைத்துக்கொண்டார்.

கடைசியில் முதல் மாடிப் பால்கனிக்கு வந்தோம். வாசல் படிக்கு மேலே நீட்டிக்கொண்டு நிற்குமே, தூண் இல்லாமல், அதுதான். அதற்குப் பிள்ளைகள் அழுமூஞ்சி பால்கனி என்று பெயர் வைத்திருக்கிறார்கள். மார்க் குறைந்தால், சண்டை வந்தால், வீட்டில் ஏதாவது என்றால், அங்கே போய்க் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு அழுவார்களாம். யாராவது இரண்டு பேர் போய்ப் பேசாமல் பக்கத்தில் நிற்பார்களாம். உங்கள் அப்பா, என் அண்ணன், நம்மை விட்டுப் போன அந்த வருடம் சின்னவள் அங்கேதான் போய் நின்றிருக்கிறாள். வீட்டில் ஒரு சொட்டுக் கண்ணீர் விடாத பெண். இந்த நடையின்போதுதான் எனக்கே தெரிந்தது. இந்த வகுப்பில் அழாதவர் ஒருவர் கூட இல்லை, அதனால் ஒரு தடவை நாற்பத்தாறு பேரும் ஒன்றாக ஏறி நின்று சிரித்துப் படம் எடுத்துக்கொள்ளப் போகிறோம், வெள்ளிக்கிழமை போட்டோக்காரர் வருகிறார் என்று வகுப்புத் தலைவி அறிவித்தாள். எல்லாரும் கை தட்டினார்கள். நானும் தட்டினேன். அப்போதுதான் அந்தத் துருவி திருடி குனிந்து, சுவரும் தளமும் சேருகிற இடத்தைக் காட்டினாள். இந்தக் கோட்டைப் பாருங்க, ஒண்ணாம் வகுப்புல எறும்பு இது வழியாப் போறதைப் பார்த்துக்கிட்டேதான் அழுதேன், தலைமுடி மாதிரி இருந்துச்சு என்றாள். எட்டாவதுல நான் பிளேடைச் சொருகினேன், நின்னுச்சு என்றான் ஒருவன். இப்ப என் ஸ்கேலே போகுது என்று இன்னொருவன் பையிலிருந்து எடுத்துச் செருகியே காட்டினான். நம்மளோட சேர்ந்து இதுவும் வளர்ந்திருக்கு மேம் என்று சொல்லி எல்லாரும் சிரித்தார்கள். நான் மட்டும் பின்னால் நகர்ந்து சுவரை ஒட்டி நின்றுகொண்டேன்.

நீ இதைப் படிக்கும்போதே புரிந்துகொண்டிருப்பாய். இந்த இடத்தில் ஒன்றும் கூட்டாமல் எழுதுகிறேன். பால்கனித் தளத்துக்குள் கம்பி மேல்பக்கம் இருக்க வேண்டும் என்று அன்றைக்கு இருந்த இன்ஜினியர் வரைபடத்தில் போட்டிருந்தார். காலையில் வந்து பார்த்தார், மேலேதான் கட்டியிருந்தேன், தலையாட்டிவிட்டு ஜீப்பில் போய்விட்டார். எனக்கு மனசு ஒப்பவில்லை. பாரம் கீழே தானே இறங்குகிறது, மேலே கம்பி இருந்தால் எதைத் தாங்கும், காகிதத்தில் படித்த ஆளுக்குக் கலவை பிடித்த கைக்குத் தெரிகிறது தெரியுமா என்று எனக்கு நானே பேசிக்கொண்டு, ஆட்களை விட்டு அத்தனை கம்பியையும் கீழே இறக்கிக் கட்டச் சொன்னேன். அதன் மேல் காங்கிரீட் போட்டேன். கெட்டிப்படுத்துவதாகத்தான் நினைத்தேன். திறப்பு விழாவில் இதுல யானையை ஏத்தி நிறுத்துங்க, காது கூட ஆடாது என்று மைக்கில் சொன்னேன், அதிலிருந்துதான் ஊர் என்னைக் கோட்டை மேஸ்திரி என்கிறது. நான்கு வருடத்துக்கு முன்னால் நீ இன்ஜினியர் படிப்பு முடித்து வந்தபோது, ஒரு அழிரப்பரை மேஜை விளிம்பில் நீட்டிப் பிடித்து, நுனியை அழுத்தி, பாருங்க சித்தப்பா மேல்பக்கம்தான் பிளக்குது, அதனாலதான் கம்பி மேலே என்று காட்டினாயே. இதெல்லாம் நான் உன் வயசுக்கு முன்னாடியே பண்ணிட்டேன் போ என்று சிரித்தேன். அன்றைக்கே எனக்குத் தெரிந்துவிட்டது மகளே. மூன்று நான்கு பிள்ளைகள் நின்றால் தாங்குகிறது, இத்தனை நாள் நின்றுவிட்டது, இனிமேலும் நிற்கும் என்று சொல்லிச் சொல்லி நான்கு வருடத்தை ஓட்டினேன். அந்தத் தெரு வழியாகப் போனால் தலையை நிமிர்த்தமாட்டேன்.

உண்மையைச் சொல்ல வாய் வரவில்லை. மறுநாள் தலைமை ஆசிரியை அம்மாவிடம் போய், பால்கனிக்கு அடியில் குளவி கூடு கட்டியிருக்கிறது, என் கட்டைவிரல் பருமன் குளவி என்றேன். வாட்ச்மேன் ஏணி போட்டுப் பார்த்துவிட்டு, மேஸ்திரி, ஒரு ஈ கூட இல்லையே என்றான். அதற்கடுத்த நாள் போட்டோக்காரரைப் பிடித்து, அத்தனை பேரும் அந்த இடத்தில் படத்துக்குள் அடங்கமாட்டார்கள் என்றேன். என் லென்ஸ்ல கல்யாண மண்டபமே அடங்கும், நீங்க போய் சிமெண்ட் குழைங்க என்றார். ஒவ்வொரு பொய்க்கும் ஒரு நாள் போனது. வெள்ளிக்கிழமை காலை நான் போய்ச் சேரும்போது பிள்ளைகள் ஏறத் தொடங்கிவிட்டார்கள். கீழே நின்று எண்ணினேன், பதினேழு. சின்னவள் கைப்பிடி ஓரத்தில் நின்று எனக்குக் கையசைக்கிறாள். படியை நான் எப்படி ஏறினேன் என்று தெரியாது, மூன்று மூன்றாகத் தாண்டினேன் என்று எழுதத்தான் ஆசை, ஆனால் நடுவில் உட்கார்ந்து மூச்சு வாங்கினேன் என்பதுதான் நிஜம். மாடிக் கதவில் இரண்டு கையையும் விரித்து நின்றுகொண்டு, இனிமே யாரும் பால்கனிக்குப் போகாதீங்க, நின்னவங்க ஒவ்வொருத்தரா சுவரை ஒட்டி வாங்க, குதிக்காதீங்க என்று கத்தினேன். பிள்ளைகள் சிரித்தார்கள். தலைமை ஆசிரியை அம்மா, என்ன மேஸ்திரி, இன்னைக்கு என்ன பாம்பா, யானை நிக்கும்னு நீங்கதானே சொன்னீங்க என்றார். சித்தப்பா, மானம் போகுது, வீட்டுக்குப் போங்க என்று சின்னவள் பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னாள். நான் கம்பியைக் கீழே போட்டுட்டேன் என்றேன். அவ்வளவுதான் சொன்னேன். சின்னவள் என் முகத்தையே பார்த்தாள். பிறகு திரும்பி, மேம், எங்க சித்தப்பா ஒண்ணைச் சொன்னா பத்தைச் சேர்ப்பார், இன்னைக்கு ஒண்ணுமே சேர்க்கலை, நிஜம்தான், எல்லாரையும் உள்ளே கூப்பிடுங்க என்றாள். பால்கனியில் நின்ற அத்தனை பேரும் சுவரை ஒட்டி ஒவ்வொருவராக வந்தார்கள். சின்னவள்தான் கடைசி. அவள் வாசலைத் தாண்டியதும் நான் கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டேன்.

சாயங்காலம் வேறொரு இன்ஜினியரை வரவழைத்தார்கள். பால்கனிக்கு அடியில் வரிசையாக முட்டுக் கொடுத்துவிட்டு, சுவரோரம் மேலே கொத்திப் பார்க்கச் சொன்னார். நானே உளியைக் கேட்டு வாங்கினேன். உன்னிடம் மறைக்கமாட்டேன், கொத்தும்போது கூட என் ஞாபகம்தான் தப்பாக இருக்க வேண்டும், ஒரு அங்குலத்தில் டங் என்று கம்பி தட்ட வேண்டும் என்று வேண்டிக்கொண்டேதான் கொத்தினேன். ஒரு அங்குலம் வெறும் காங்கிரீட். இரண்டு அங்குலம், மூன்று அங்குலம், அதுவும் வெறும் காங்கிரீட். ஏறக்குறைய அடியைத் தொட்டபோதுதான் தட்டியது. இன்ஜினியர் என்னைத் திட்டவில்லை. எத்தனை பேர் நிக்கறதா இருந்தாங்க என்று மட்டும் கேட்டார், தலைமை ஆசிரியை அம்மா நாற்பத்தாறு என்றார், இன்ஜினியர் அந்த இடத்தை விட்டே போய்விட்டார். படத்தைப் பிள்ளைகள் விளையாட்டு மைதானத்தில் எடுத்துக்கொண்டார்கள். பால்கனியை அடுத்த வாரம் உடைக்கிறார்கள். சின்னவள் இரண்டு நாள் என்னோடு பேசவில்லை, நேற்றுத்தான் தட்டை நகர்த்தி வைத்து, சாப்பிடுங்க என்றாள்.

இப்போது இந்தக் கடிதம் எதற்கு என்று சொல்கிறேன். பள்ளிக்கூடம் கட்டின வருடம் அதே புத்தியோடு நான் இன்னும் மூன்று பால்கனி போட்டிருக்கிறேன். பள்ளிக்கூடத்துச் செய்தியைக் கேள்விப்பட்டிருந்த இரண்டு வீட்டுக்காரர்கள் நான் சொன்னதும் மாடிக் கதவைப் பூட்டிவிட்டார்கள். மூன்றாவது, ஒரு பல் டாக்டரின் மருத்துவமனை. அவர் பால்கனியில்தான் நாற்காலி போட்டு நோயாளிகளை உட்கார வைக்கிறார், சாயங்காலம் பன்னிரண்டு பதினைந்து பேர் இருப்பார்கள், மடியில் குழந்தையோடு. போய்ச் சொன்னேன். எனக்கு எதிரே ஒரு மருத்துவமனை வந்திருக்கு, அவன் அனுப்பினானா உன்னை, போன வருஷம் நீதானே இதைக் கோட்டைன்னு சொல்லி வெள்ளையடிச்சுட்டுப் போன என்கிறார். பள்ளிக்கூடத்துல வந்து பாருங்க என்றேன், எனக்கு வேலை இருக்கு என்கிறார். நகராட்சியில் எழுதிக் கொடுத்திருக்கிறேன், வரிசைப்படி வருவார்களாம். அதனால் திங்கட்கிழமையிலிருந்து அவர் கடை திறந்ததும் நான் போய் அந்தப் பால்கனி வாசலில் உட்கார்ந்துகொள்கிறேன். வீங்கின கன்னத்தோடு வருகிறவர்களை உள்ளே போய் உட்காருங்க உள்ளே போய் உட்காருங்க என்று கெஞ்சுகிறேன். சிலர் கேட்கிறார்கள், சிலர் பைத்தியம் என்கிறார்கள். நேற்று ஆறு பேர் எனக்குப் பின்னால் போய் உட்கார்ந்துவிட்டார்கள். என் முதுகில் அந்தத் தளத்தின் ஒவ்வொரு அசைவும் தெரிந்தது. நாளைக்கும் வந்தால் போலீஸைக் கூப்பிடுவேன் என்கிறார் டாக்டர். போலீஸ் வந்து என்னைக் கூட்டிக்கொண்டு போனால் வாசலில் யார் உட்காருவார்கள்? அதுதான் மகளே என் பயம், ஸ்டேஷன் அல்ல.

நீ ஒரு காரியம் செய்ய வேண்டும். உன் பெயருக்குப் பின்னால் இருக்கிற பட்டத்தையெல்லாம் விடாமல் போட்டு, உன் கம்பெனிக் காகிதத்திலோ வெறும் காகிதத்திலோ, அந்த டாக்டருக்கு ஒரு கடிதம் எழுது. கட்டியது உன் சித்தப்பா என்று எழுது, தப்புச் செய்தான் என்று எழுது, கம்பி எங்கே இருக்கிறது, என்ன ஆகும் என்று அவருக்குப் புரிகிற மாதிரி எழுது. பள்ளிக்கூடத்தில் கொத்தின இடத்தின் படத்தைச் சின்னவள் இதோடு அனுப்புவாள், அதையும் சேர். எனக்காக ஒரு வரி நல்லதாகச் சேர்க்க உனக்குத் தோன்றும், சேர்க்காதே. சின்னவளோடு ஒரு தடவை பேசு, அவள் நடுராத்திரி எழுந்து உட்கார்ந்திருப்பதாக உன் சித்தி சொல்கிறாள், என்னிடம் கேட்டால் ஒன்றுமில்லை என்கிறாள்.

நீ நீடூழி நன்றாக இரு. உன் கையில் வருகிற வேலை எல்லாம் நின்று விளங்கட்டும். உனக்குக் கீழே வேலை செய்கிற மேஸ்திரி எவ்வளவு வயசானவனாக இருந்தாலும், எவ்வளவு சத்தமாகப் பேசினாலும், காங்கிரீட் போட்டு முடிகிற வரை நீ அந்த இடத்தை விட்டு ஜீப்பில் ஏறாதே. மறந்துவிடாதே, டாக்டர் கடை திறப்பது சாயங்காலம் நான்கு மணி, அதற்குள் உன் கடிதம் வந்தால் நாளைக்கே உதவும். வரவில்லை என்றாலும் நான் நான்கு மணிக்கு அங்கேதான் இருப்பேன்.

இப்படிக்கு,
உனக்கு எப்போதும் நல்லதையே நினைக்கும்
சித்தப்பா