மறுப்புக்கு இரண்டு வரி

பிப்ரவரி 3

காலையில் பத்து நிமிடத்துக்குள் அக்காவிடமிருந்து மூன்று அழைப்புகள். மீட்டிங் முடிந்து வெளியே வந்து கூப்பிட்டேன். அழவில்லை. அதைவிட மோசம், அடக்கி அடக்கிப் பேசினாள்.

பீங்கான் பல் செய்வதில் ஏதோ புது முறையாம், அதற்கான பயிற்சிக்கு வெளியூர் போயிருக்கிறாள். பதினைந்து வருடமாக மாடி அறையில் பல் செட் செய்து டாக்டர்களுக்குக் கொடுக்கிறவள், இதையும் கற்றுக்கொண்டே ஆக வேண்டும். ஹோட்டல் வாடகையை முன்பே கட்டிவிட்டாள். ஆனாலும் பிணையாக ஒரு தொகையைப் பிடித்து வைக்க கிரெடிட் கார்டு வேண்டும் என்று வரவேற்பில் கேட்டிருக்கிறார்கள். நான் வேலை பார்க்கிற வங்கியின் டெபிட் கார்டை நீட்டியிருக்கிறாள்.

"இது கிரெடிட் கார்டு இல்ல மேடம்ங்கிறான். பின்னாடி நாலு பேர் நிக்கிறாங்க. பார்க்க அதே மாதிரிதானே இருக்கு, என்னடி வித்தியாசம்?"

என்ன வித்தியாசம் என்று விளக்கும் திரையை எழுதியதே நான்தான். எங்கள் வங்கிக்குக் கிளை கிடையாது, எல்லாமே போனுக்குள். அதில் எந்தப் பக்கத்தைத் திறந்தாலும் இருக்கிற சொற்கள் என்னுடையவை.

இரண்டு மணி நேரம் பெட்டியோடு வாசல் சோபாவில் உட்கார்ந்திருக்கிறாள். கூடப் படிக்க வந்த ஒரு அம்மா தன் கார்டைக் கொடுத்த பிறகுதான் சாவி கிடைத்ததாம்.

பிப்ரவரி 4

ஒரு வேலையும் ஓடவில்லை. அந்த சோபாவே கண்ணில் நிற்கிறது.

பிப்ரவரி 10

நாங்களும் உண்மையான கிரெடிட் கார்டு கொடுப்பதா வேண்டாமா? வெள்ளிக்கிழமை முடிவெடுக்கிறார்களாம், நானும் கருத்துச் சொல்ல வேண்டும். எங்கள் தலைவரை நாங்கள் 'ஆக்ஸிலேட்டர்' என்போம். அவருக்கு எல்லாம் நேற்றே நடந்திருக்க வேண்டும். கடன் யாருக்குக் கொடுக்கலாம் என்று பார்க்கிறவர் 'பிரேக்'. இரண்டு பேருக்கும் இந்தப் பெயர்கள் தெரியும். பிரேக்குக்கு அதில் கொஞ்சம் பெருமைகூட உண்டு.

பிப்ரவரி 11

என் கணவரின் மூக்குக்கண்ணாடிக் கடைக்குப் போய் இவரிடம் சொன்னேன். லென்ஸைத் துடைத்துக்கொண்டே கேட்டார்.

"கொடுக்கலாம்னு சொல்லப் போறியா?"

கல்யாணத்துக்கு முன்னால் இவரும் ஒரு கிரெடிட் கார்டுக் கடனில் மாட்டி, நான்கு வருடம் நிமிர முடியாமல் இருந்தவர். அதைப் பற்றி நாங்கள் பேசுவதே இல்லை. இன்று அவராகவே பேசினார்.

"பணம் இல்லாம நான் மாட்டல. சுலபமா இருந்துச்சு, மாட்டினேன். அப்பவே ஃபாரம் எழுதி, கையெழுத்துப் போட்டு, ஒரு வாரம் காத்திருந்துதான் வாங்கினேன். உங்க ஆப்ல எவ்வளவு நேரம் ஆகும்?"

நாற்பது வினாடி. அதைத்தான் விளம்பரத்தில் போடப்போகிறோம். அவரிடம் சொல்லவில்லை.

பிப்ரவரி 13

பேசிவிட்டேன்.

முதலில் பிரேக் சொன்னார்: "ஒரு நாளைக்குப் பதினோரு தடவை நம்ம ஆப்பைத் திறக்கிறாங்க. அதே கையில கடனையும் குடுத்தா, யோசிக்க எங்க நேரம்?" கண்ணாடிக் கடையில் இவர் சொன்னது போலவே இருந்தது. அப்போதே வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். ஆனால் என் முறை வந்ததும் சோபாக் கதையைச் சொன்னேன், யார் என்று சொல்லாமல். சம்பளச் சீட்டு இல்லாதவர்களைப் பெரிய வங்கிகள் வாசலிலேயே நிறுத்துகின்றன, நாமும் நிறுத்தினால் நாம் எதற்கு என்று கேட்டேன். ஆக்ஸிலேட்டர் மேசையைத் தட்டினார். "இதுதான்! இவங்களுக்காகத்தான் செய்றோம்!"

முடிவாகிவிட்டது. சந்தோஷமாகத்தானே இருக்க வேண்டும்?

மார்ச் 2

புதுக் கார்டின் திரைக்கு நான் எழுதியது: 'இது கடன். செலவழித்ததைத் திருப்பிக் கட்ட வேண்டும்.' ஆக்ஸிலேட்டருக்கு வேண்டியது: 'உங்களுக்காகவே காத்திருக்கிறது!' அரை நாள் மல்லுக்கட்டி சமரசம். அவருடையது மேலே பெரிதாக, என்னுடையது கீழே சின்னதாக.

எவ்வளவு சின்னதாக என்று வீட்டுக்கு வந்து இவரிடம் காட்டினேன். "என் கடைக்கு ஆள் அனுப்புறியா?" என்றார்.

மார்ச் 5

"மறுப்புக்கு ரெண்டு வரி வேணும், பத்து நிமிஷத்துல" என்றார் ஆக்ஸிலேட்டர். கார்டு கிடைக்காதவர்களுக்குத் திரையில் காட்ட.

காரணத்தையும் சொல்லலாமே என்றேன். காரணம் சொன்னால் சண்டைக்கு வருவார்களாம். ஏழு விதமாக எழுதிப் பார்த்தேன், இருப்பதிலேயே வழவழப்பானதை எடுத்துக்கொண்டார்கள்: 'தற்போதைக்கு உங்களுக்கு இந்தக் கார்டை வழங்க இயலவில்லை. எங்களோடு தொடர்ந்து பயணியுங்கள்.'

மார்ச் 17

நேற்று கார்டு வெளியானது. அக்கா காலையிலேயே விண்ணப்பித்திருக்கிறாள். மத்தியானம் போன். செய்தி வாசிப்பது போல அந்த இரண்டு வரியையும் நிறுத்தி நிறுத்தி எனக்கே படித்துக் காட்டினாள்.

"பயணியுங்கள்னு போட்டிருக்கு. எங்கடி பயணிக்கிறது? ஹோட்டல்லதான் உள்ளயே விடலையே!"

சிரித்தாள். நானும் சிரித்தேன் — சிரித்தேனே! நான் எழுதியது என்று சொல்லவில்லை. ஏன் சொல்லவில்லை? சொல்லித் தொலைத்திருக்கலாம் இல்லையா?

மார்ச் 18

பிரேக்கிடம் போனேன். திரையைத் திருப்பிக் காட்டினார். கார்டு கிடைத்தவர்களில் பெரும்பாலோர் மாதாமாதம் ஒரே தேதியில் சம்பளம் வாங்குகிறவர்கள். முக்கால்வாசிப் பேரிடம் ஏற்கெனவே வேறு கார்டும் இருக்கிறது. அக்காவுக்கோ டாக்டர்கள் நினைத்தபோது பணம் போடுவார்கள்.

"ஆமா, இல்லன்னு முடிவு பண்றது மிஷின். அதுக்குத் தேதிதாம்மா நாணயம்" என்றார். பிறகு தயங்கி, "அன்னைக்கு நீங்க சொன்னவங்க... தெரிஞ்சவங்களா?"

"என் அக்கா சார்."

எழுந்து போய் எனக்குத் தண்ணீர் கொண்டுவந்து வைத்தார்.

அக்காவைக் காட்டித்தான் சம்மதம் வாங்கினோம். இவளைத் தவிர எல்லோருக்கும் கொடுத்தோம்.

மார்ச் 19

அக்கா வீட்டு மாடி. சுற்றிலும் அலமாரியில் பல் இளித்துக்கொண்டு பிளாஸ்டர் தாடைகள். நான் பேச ஆரம்பிக்கும் முன்பே, கையிலிருந்த பல் செட்டை அரத்தால் ராவிக்கொண்டே சொன்னாள்:

"நீ எழுதினதுதானே? நம்ம வீட்டுல 'இயலவில்லை'ன்னு பேசுற ஒரே ஆள் நீதான்."

"அக்கா, நான்..."

"வேண்டாம்னு சொன்னதுகூடப் பரவால்லடி. எதைப் பார்த்து சொன்னாங்கன்னு சொல்லக் கூடாதா? பல் சரியா உட்காரலன்னா எந்த இடத்துல இடிக்குதுன்னு பார்த்து, அந்த இடத்தை ராவிக் குடுக்கிறேன். தற்போதைக்கு இயலவில்லைன்னு திருப்பி அனுப்பினா டாக்டர் என்னைச் சும்மா விடுவாரா?"

ராவுவதை நிறுத்தவே இல்லை. அந்தச் சத்தத்தில் நான் என்ன சொன்னேன் என்று எனக்கே கேட்கவில்லை.

மார்ச் 23

ஆக்ஸிலேட்டர், பிரேக் இரண்டு பேருக்கும் கடிதம் கொடுத்தேன். மறுத்தால் காரணம் சொல்ல வேண்டும். ஏன் என்று கேட்டவர்களிடம் ஒரு மனிதர் பேசிப் பார்த்து மறுபடி முடிவெடுக்க வேண்டும்.

"நாம ஆப்மா. போன் பண்ணிப் பேச ஆரம்பிச்சா சாதாரண பேங்க் ஆயிடுவோம்" என்றார் ஆக்ஸிலேட்டர்.

எதிர்பார்க்கவே இல்லை, பிரேக் எனக்காகப் பேசினார்: "ஒரு மாசம் பார்ப்போமே. ஆனா யார் போன் பண்ணுவா?"

"நான்."

வாய்க்கொழுப்பு. வேறென்ன?

மார்ச் 31

என் மேசையில் இப்போது ஹெட்போன். கூடவே பிரேக் கைப்பட எழுதிக் கொடுத்த விதிமுறை, நான்கு பக்கம்.

ஏப்ரல் 8

அக்காவின் விண்ணப்பத்தை நான் தொடக் கூடாது. பிரேக்கே பேசினார், நாற்பது நிமிடம். ஒரு வருட பில்களைக் கேட்டு வாங்கிப் பார்த்து, சின்ன வரம்போடு கொடுத்திருக்கிறார்.

"துருவித் துருவிக் கேட்டாருடி, மனுஷன்" என்றாள் அக்கா. கொஞ்சம் கழித்து, "ஆனா கேட்டாரு."

என்னிடம் கோபம் போய்விட்டதா? தெரியவில்லை. சாப்பிட்டாயா என்று மட்டும் கேட்டாள்.

ஏப்ரல் 21

இன்று நான்கு பேர். கடைசியாக, டைல்ஸ் பதிக்கிற ஒருவர்.

வரவு ஒழுங்காக இருந்தது. வரிசையாக வேலை இருக்கிறது. நான்கு பக்க விதிமுறைப்படி 'ஆம்' போட வேண்டிய ஆள். எதற்கும் இருக்கட்டும் என்று, கார்டு எதற்கு என்று கேட்டேன்.

"இன்னொரு கார்டை அடைக்கத்தான் மேடம்."

அதற்கு முன்னால் இன்னொன்று இருந்ததாம். அதை அடைக்கத்தான் இந்த இரண்டாவதை வாங்கினாராம். மூன்று வருடக் கதையை மெதுவாகச் சொன்னார். பின்னால் யாரோ கல் வெட்டும் சத்தம். சொல்லி முடித்துவிட்டு, "நீங்களே சொல்லுங்க, வாங்கலாமா?" என்றார்.

பொத்தான்மேல் இருந்த விரலை எடுத்தேன்.

"வேண்டாம்ணே."

கோபித்துக்கொண்டு வைத்துவிடுவார் என்றே நினைத்தேன்.

"அப்போ நான் என்ன செய்றது?"

பழைய கார்டு கொடுத்த வங்கிக்கு நேரில் போகச் சொன்னேன். பாக்கியைத் தவணையாகப் பிரித்து, வட்டியைக் குறைத்துத் தரச் சொல்லிக் கேளுங்கள், வாயால் சொன்னால் நம்ப வேண்டாம், எழுதி வாங்குங்கள் என்றேன்.

"இருங்க மேடம், பேனா எடுத்துக்கிறேன்."

ஒவ்வொரு சொல்லையும் வாய்விட்டுத் திருப்பிச் சொல்லி எழுதினார். அவர் எழுதி முடிக்கும்வரை காத்திருந்தேன்.