துலாக்கொடி

பங்குனி 17
காலையிலேயே வெயில் உச்சியைப் பிளக்கிறது. கத்தரி இரண்டு பாத்தியும் பூத்துவிட்டது. பயிற்றை பந்தலில் பாதி. வெண்டி பரவாயில்லை. மிளகாய் இலை சுருண்டு கிடக்கிறது. கத்தரித் தண்டில் புழு. சாம்பல் தூவியும் கேட்கவில்லை. ஒவ்வொன்றாகப் பிடித்துக் கல்லில் வைத்து நசுக்கினேன். கை முழுக்கப் பச்சை. மனதுக்குச் சுகமாக இருந்தது.

கூப்பன் அரிசி இந்தக் கிழமையும் இல்லை. நாட்டுச் சண்டை முடியும் மட்டும் இந்தத் தோட்டம்தான் எங்கள் வயிறு.

பங்குனி 21
கிணறு பாதிக்கு இறங்கிவிட்டது. பங்குக் கிணறு. ஒருநாள் எங்கள் முறை, மறுநாள் அடுத்த வளவு மச்சாள் வீட்டு முறை. மச்சாள் இவருடைய கூடப்பிறந்த அக்கா. அவளுக்காகத்தான் இவ்வளவு நாளும் வாயை மூடிக்கொண்டு இருந்தேன். இன்று எங்கள் முறை. விடியப் போய்ப் பார்த்தால் கிணற்றடி ஈரம், தண்ணீர் இறைக்கிற பட்டைக்குள் சேறு. மச்சாளின் புருஷன் சின்னத்துரை எங்களுக்கு முன்னரே இறைத்துவிட்டான். அவனுடைய வாழைக்காம்.

இவர் கேட்கப் போனார்.

"அத்தான், இண்டைக்கு ஆரின்ரை முறை?"

"கிணத்துக்கு அடியிலை உன்ரை பேர் எழுதிக் கிடக்கோ?"

கைகலப்பு. இவருக்கு உதடு கிழிந்தது. அவனுக்கு மூக்கால் ரத்தம். மச்சாள் நடுவில் புகுந்தாள், காப்பு நொறுங்கியது. போகிற போக்கில் சின்னத்துரை என் பாத்திக்குள் இறங்கி, விதைக்கென்று விட்டிருந்த கத்தரிச் செடியைப் பிடுங்கிக் காலால் தேய்த்தான். மஞ்சளாகப் பழுத்த காய். அடுத்த போகத்துக்கு இருந்த ஒரே விதை.

இவர் உதட்டைக் கழுவிக்கொண்டு, "விடும். அக்காவின்ரை புருஷன்" என்கிறார். நான் விடமாட்டேன். அவன் குடலும் அதே மாதிரி மண்ணில் கிடக்க வேண்டும்.

பங்குனி 24
அவர்களுடைய கோழி பாத்தியைக் கிளறியது. கல்லால் எறிந்தேன். கழுத்து முறிந்தது. வேலிக்கு மேலால் அந்தப் பக்கம் வீசினேன். மச்சாள் எடுத்துக்கொண்டு போனாள். மத்தியானம் குழம்பு வாசம் வந்தது. அதற்கும் எனக்குக் கோபம்.

பயிற்றை காய்த்துவிட்டது. கத்தரி வாடுகிறது. துணி தோய்த்த தண்ணீரைத்தான் ஊற்றுகிறேன்.

பங்குனி 25
நாளை அவர்கள் முறை. பொழுதுபட, இவருடைய மடக்கு வில்லுக்கத்தியை எடுத்துக்கொண்டு கிணற்றடிக்குப் போனேன். துலா மரத்தை இழுத்துத் தாழ்த்தி, பட்டை தொங்கும் கொடிக்கயிற்றைப் பூவரசில் கட்டினேன். மேலே, துலாவில் கட்டியிருக்கும் முடிச்சுக்குக் கீழே, மூன்று புரியில் இரண்டை அறுத்தேன். கயிறு தானே முறுகி வெட்டை மூடிக்கொண்டது. பார்த்தால் தெரியாது.

கிணற்றுக்குள் குனிந்து, உடம்புப் பாரத்தைக் கொடியில் போட்டு இழுக்கும்போது அறும். உள்ளே முழுக்கக் கல். மண்டை பிளந்தால் பிளக்கட்டும்.

கத்தியைத் துடைத்து அவருடைய பெட்டிக்குள் வைத்தேன். ஒரு பிடி பயிற்றங்காய் பிடுங்கிச் சுண்டினேன். நன்றாகச் சாப்பிட்டார்.

பங்குனி 26
விடிய அடுப்பு ஊதிக்கொண்டிருந்தேன். வேலியடியில் மச்சாளின் குரல். கோழிக்காகச் சண்டைக்கு வந்திருக்கிறாள் என்று காது கொடுக்கவில்லை. அவள் இவரிடம் சொன்னது இது. பிறகுதான் தெரிந்தது.

"தம்பி, இவரின்ரை பெரியப்பா ராத்திரி மோசம் போயிட்டார். எங்களுக்குச் செத்தவீட்டுத் துடக்கு. தீட்டோடை பங்குக் கிணத்திலை நாங்கள் கை வைக்கேலாது. எங்கடை முறையையும் நீயே எடு. உன்ரை மனிசியின்ரை கத்தரி வாடிப்போய்க் கிடக்கு."

"ஓம் அக்கா. முதல் உங்களுக்குக் குடிக்க அள்ளித் தாறன்."

துலா எகிறிய சத்தம். பிறகு தண்ணீர்ச் சத்தம். ஓடினேன். சிரித்துக்கொண்டுதான் ஓடினேன்.

கிணற்றடியில் சின்னத்துரை நின்றான்.

துடக்கோடு கிணற்றுக்குள் குதித்ததும் அவன்தான். இவரைத் தோளில் போட்டுக்கொண்டு மேலே வந்தான். இரண்டு பேர் மேலும் இவருடைய ரத்தம். மச்சாள் என்னைக் கட்டிப்பிடித்து அழுதாள்.

பங்குனி 28
முறிவு வைத்தியர் காலுக்கு மட்டை வைத்துக் கட்டியிருக்கிறார். மண்டைக் காயத்துக்கு மருந்து. உயிருக்குப் பயமில்லையாம். கிணற்றில் துடக்குப் பட்டுவிட்டது, இறைத்துக் கழிக்கும் மட்டும் யாரும் அள்ளுவதில்லை. கத்தரி இரண்டு பாத்தியும் செத்துவிட்டது. பார்க்கவும் போகவில்லை.

இன்று இவர் வாய் திறந்தார்.

"இஞ்சேரும். கொடி அறேல்லை. வெட்டினது. விழேக்கை நுனி என்ரை கையிலை இருந்தது."

அவருடைய போர்வையை இழுத்துவிட்டேன்.

"அக்காவின்ரை புருஷன்தான் வெட்டிப்போட்டு, துடக்கெண்டு முறையை என்ரை தலையிலை கட்டினவன். பிறகு நல்லவன் மாதிரிக் குதிச்சவன். என்ரை வில்லுக்கத்தியை எடுத்துத் தாரும்."

எடுத்தேன். பிடி இடுக்கில் கயிற்றுத் தும்பு ஒட்டியிருந்தது. நகத்தால் கிண்டி எடுத்துவிட்டுத்தான் கொடுத்தேன். கொடுத்துவிட்டேன். இப்போது அது அவருடைய தலையணைக்குக் கீழே.

சொல்ல வேண்டும். சொன்னால் அந்தக் கத்தி எனக்கு. சொல்லாவிட்டால் மச்சாளுக்குத் தாலி இல்லை. மூன்று தரம் கட்டிலடிக்குப் போய்விட்டுத் திரும்பி வந்தேன். மூன்று தரமும் தண்ணீர் வேண்டுமா என்றுதான் கேட்டேன்.

மச்சாள் வேலிக்கு மேலால் கூப்பிடுகிறாள். "தங்கச்சி, படலையைத் திற. தம்பியின்ரை காலுக்கு எண்ணெய் காய்ச்சினனான். அத்தான் கொண்டு வாறார்."

உள்ளே கட்டில் கிறீச்சிடுகிறது. இவர் எழும்பி உட்காருகிறார்.