குடும்ப உதவி

மார்ச் 4

என் அன்பான அக்காவுக்கு,

உடம்பு எப்படி இருக்கிறது? மாத்திரையை நேரம் தவறாமல் போடு. போன் செய்தால் அத்தான்தான் எடுத்து, "அவ தூங்கறாம்மா" என்கிறார். அதனால்தான் கடிதம்.

எனக்குத் தையல் ஆறிவிட்டது. ஆனால் எடை தூக்கவே கூடாது என்று டாக்டர் ஒரே பிடியாக நிற்கிறார். லாண்டரியில் ஈரத்துணி மூட்டை தூக்காமல் வேறு என்ன வேலை? மேனேஜர், "கிட்னி குடுத்தது உங்க அக்காவுக்கு, லீவு நான் குடுக்கணுமா?" என்று கேட்டுவிட்டு, என் இடத்தில் வேறு ஆளைப் போட்டுவிட்டார்.

மூன்று மாத வாடகை பாக்கி. ஆபரேஷனுக்கு முன்னால் அத்தான், "உனக்கு ஒரு குறையும் வராம நாங்க பாத்துக்கறோம்" என்றார். கேட்கவே நாக்கு கூசுகிறது. கடனாகக் கொடுத்தால்கூடப் போதும்.

உன் குட்டி

மார்ச் 15

அன்புக் குட்டிக்கு,

உன் புண்ணியத்தில் எழுந்து நடமாடுகிறேன். பள்ளிக்கூடத்தில் மருத்துவ விடுப்புக்கு முழுச் சம்பளமும் போட்டுவிட்டார்கள். திங்கட்கிழமையிலிருந்து வகுப்பு.

நீ கேட்டதைச் சொன்னதும் அத்தான் ஆடிப்போய்விட்டார். கிட்னி கொடுக்க அனுமதி தரும் குழுவில், "பணம் ஏதாவது பேசினீங்களா?" என்று கேட்டபோது மூன்று பேரும் இல்லையென்று கையெழுத்துப் போட்டோமே. இப்போது பணம் கைமாறினால், தங்கச்சியிடம் விலைக்கு வாங்கினோம் என்று நாலு பேர் பேசுவார்கள் என்கிறார். அதனால் ஒரு தாள் தயாரித்திருக்கிறார். 'குடும்ப உதவியாகப் பெற்றுக்கொண்டேன், இனி எதுவும் கேட்கமாட்டேன்' என்று இருக்கிறது. கையெழுத்துப் போட்டு அனுப்பு. காசோலையும் உள்ளே இருக்கிறது.

தப்பாக எடுத்துக்கொள்ளாதே. அன்பால் கொடுத்ததற்குக் கணக்குப் பார்க்கலாமா?

அக்கா

மார்ச் 20

அக்கா,

காசோலையை மாற்றி வாடகையைக் கட்டிவிட்டேன். ரோஷப்பட்டுத் திருப்பி அனுப்பும் நிலையில் நான் இல்லை.

அன்றைக்கு அந்த அறையில் அறுத்த டாக்டருக்குச் சம்பளம். மயக்க ஊசி போட்டவருக்குச் சம்பளம். தரையில் ரத்தம் துடைத்த ஆயாம்மாவுக்கும் சம்பளம். படுத்துக்கிடந்த உனக்கும் விடுப்புச் சம்பளம். காசைப் பற்றி வாய் திறந்தால் அன்பு கெட்டுப்போவது எனக்கு மட்டும்தானா?

நான் விற்கவில்லை. விலை கேட்டிருந்தால் அத்தான் அன்றைக்கே, கேட்டதற்கு மேல் தந்திருப்பார். அவருக்கு இருந்த பயம் அப்படி. நான் கேட்டது வேலை போன நாட்களின் கூலி. தாளில் 'குடும்ப உதவி' என்பதை அடித்துவிட்டு அப்படித்தான் எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறேன்.

'இனி எதுவும் கேட்கமாட்டேன்' என்ற வரியை அடிக்கவில்லை. உன் நலத்தையும் சேர்த்துத்தான்.

ஏப்ரல் 19

குட்டிம்மா,

மூன்று கடிதம் போட்டேன். பதில் இல்லை.

அடித்துத் திருத்திய தாள் செல்லாதாம். 'கூலி' என்று இருந்தால் நாளைக்கு நமக்கே வம்பு என்று அத்தான் புதிதாக ஒன்று தந்திருக்கிறார். நேரில் கொடுக்கத்தான் கிளம்பினேன். உன் தெருமுனை வரைக்கும் வந்தேன். உன் முகத்தைப் பார்த்து இதை நீட்ட என்னால் முடியாது என்று தோன்றியது. திரும்பி வந்து தபாலில் போடுகிறேன்.

பென்சிலால் குறி போட்டிருக்கும் இடத்தில் கையெழுத்து.

அக்கா