கோல் கோட்டுக்கு நேரே ஒரு கேமரா

மே 9, வெள்ளி

மலைப்பக்கம் சாரல். எங்கள் கம்பம் ஊரில் வெயில்தான். ஞாயிறு, பக்கத்துக்கு ஏழு பேர் ஆடும் செவன்ஸ் ஃபைனல், எங்கள் ஊர் டீமும் கேரளத்துக் குமுளி டீமும். லோக்கல் கேபிளில் நேரலை. படம்பிடிப்பது நான். கல்யாண வீடியோ எடுத்த கைக்கு முதல் ஃபுட்பால்!

மதியம் கேபிள் நடத்தும் ராமர் அண்ணன் வந்தார். போட்டிக் கமிட்டியிலும் அவர்தான்.

"தாயி, டிவியில ரெஃப்ரி ஓடிப்போயி படத்தப் பாத்துட்டு கோலா இல்லையான்னு சொல்றாகள்ல. இங்கனயும் வச்சிருவமா?"

சிரித்தேன். அப்புறம் யோசனை. வைத்தால்தான் என்ன?

வாங்க வேண்டியவை: டேப், நீள வயர், லென்ஸ் துணி. இரண்டு பக்கமும் கோல் கோட்டுக்கு நேரே சின்ன கேமரா. டி.வி. மைதான ஓரத்தில் என் பந்தலில்.

தம்பி முத்து எங்கள் டீமில் ஃபார்வர்டு. "ஏக்கா, என் கோலக் கெடுத்துறாத" என்கிறான்.

மே 12, திங்கள்

நேற்று எழுத முடியவில்லை.

ஒன்றுக்கு ஒன்று. ஆட்டம் முடியப்போகிறது. முத்து தலையால் முட்டினான். கீப்பர் பந்தை வெளியே தள்ளினான். "கோல் இல்லை" என்று ரெஃப்ரி கை காட்டினார். நம் ஆட்கள் கொந்தளிப்பு. படம் பார்க்கப் போகிறேன் என்று, டிவியில் போலவே ரெஃப்ரி இரண்டு விரலால் காற்றில் சதுரம் வரைந்தார். மைதானமே விசில்!

பந்தலுக்கு ஓடி வந்தார். மெதுவாக ஓட்டிக் காட்டினேன். பந்து முழுக்கக் கோட்டுக்கு உள்ளே. அதற்குள் குமுளிக் கூட்டத்தில் ஒருவன்: "அது அவன்டெ சேச்சியா! கள்ளக் கேமரா!" நான் முத்துவின் அக்கா, அதனால் கேமராவும் பொய்யாம். தள்ளுமுள்ளு. நாற்காலி சரிந்தது. ரெஃப்ரி தயங்கினார்.

"அவுக கேப்டனையே கூப்பிடுங்க சார்" என்றேன்.

ஷாஜி வந்தான். வேர்வை சொட்ட ஒருமுறை பார்த்தான். பின்னோக்கி ஓட்டச் சொல்லி மறுபடி பார்த்தான். வாய்க்குள்ளேயே, "கோலு தன்னே சேச்சி" என்றான், கோல்தான் என்று. வெளியே போய்த் தன் ஆட்களிடமும் அதையே சத்தமாகச் சொன்னான்.

ஜெயித்தோம். டிவியில் இந்தக் காத்திருப்பு எரிச்சலாக இருக்கும். நேரில்... ஒரே கோலுக்கு இரண்டு தடவை கத்தினோம். தொண்டை போச்சு.

மே 13, செவ்வாய்

எல்லார் போனிலும் அந்தப் பந்துதான். யாரோ பாதியில் வெட்டி, "அக்கா கொடுத்த கோல்" என்று போட்டிருக்கிறார்கள். டீக்கடையில் ஆளாளுக்கு ரெஃப்ரி.

"உள்ள போயிருச்சப்பா!"

"ஏலே, கோணத்தப் பாத்துப் பேசு."

ராமர் அண்ணனுக்குத் தள்ளுமுள்ளை மட்டும் செய்தியாகப் போட ஆசை. "சண்டையப் போட்டாத்தேன் பாப்பாக, தாயி."

"வெட்டாம முழுசாப் போடுங்கண்ணே. ஷாஜி சொன்னதும் வரணும். இல்லாட்டி படம் தர மாட்டேன்."

முறைத்தார். சாயங்காலம் முழுசாகப் போட்டார். என்னைத் திட்டுவது குறைந்தது. நிற்கவில்லை.

மே 14, புதன்

துணி துவைத்துக்கொண்டிருந்தபோது போன். ஷாஜி! அடுத்த ஞாயிறு குமுளியில் அவர்கள் நடத்தும் போட்டி. கேமராவோடு வர வேண்டுமாம்.

"என் தம்பி டீமும் ஆடுதே?"

"அறியாம். எந்நாலும் சேச்சி மதி."

தெரியும், ஆனாலும் நீங்களே போதும் என்கிறான். ஈரக்கையைத் துடைத்துக்கொண்டு, வருகிறேன் என்றேன்.

முத்துவிடம் சொன்னேன். "அங்கன படம் எனக்கு எதிரா வந்தா என்னக்கா செய்வ?"

"வந்தா வந்ததுதேன்."

அப்புறம், டீம் வேனில் இடம் இருக்கு, கூட வா என்றான்.

வேண்டாம், கேமரா எந்த டீம் வேனிலும் ஏறக் கூடாது. நான் ஜீப்பில் தனியாகப் போய்க்கொள்கிறேன்.