மான் வேட்டை நாளில் இடைத்தேர்தல்

செப்டம்பர் 30, 2011

அன்புத் தங்கை ஐலிக்கு,

நானும் உன் அண்ணி லொரேனும் நலம். ஓட்டு வாங்கி இந்த மாநிலத்துக்கே ஆளுநரான உனக்கு மூளை எங்கே போயிற்று என்றுதான் தெரியவில்லை.

எங்கள் தொகுதியின் மாநில செனட்டர் இறந்துபோனார், அந்த இடத்துக்கு நான் நிற்கிறேன், இடைத்தேர்தலுக்குத் தேதி குறிக்க வேண்டியவள் நீ, சரி. அதற்கு நவம்பர் பதினைந்துதானா கிடைத்தது? மான் வேட்டை தொடங்கும் நாளம்மா அது! பள்ளிக்கூடத்துக்கே விடுமுறை விடும் ஊரில் பிறந்தவளுக்கு இது மறக்குமா? எனக்கு ஓட்டுப் போடுகிறவனெல்லாம் அன்றைக்குக் காட்டில் மரத்தின் மேல் உட்கார்ந்திருப்பான். "என்ன ரெய்னோ, தங்கச்சியே உன்னக் கவுத்துட்டாளா?" என்று மளிகைக் கடையில் சிரிக்கிறார்கள். என்னை எதிர்த்து நிற்கும் பெர்னிஸ், அதுதான் பள்ளிப் பேருந்து ஓட்டுகிறாளே, அவளுக்கு ஒரே கொண்டாட்டம்.

தேதியை மாற்று. இந்த வயதில் முதல்முறையாக ஒரு பதவிக்கு ஆசைப்படுகிறேன்.

உன் அண்ணன்,
ரெய்னோ

அக்டோபர் 5

அன்புள்ள அண்ணாவுக்கு,

திட்டியது போதும். மறந்துதான் போனேன், தலைநகரில் மானைத் தட்டில்தான் பார்க்கிறோம். ஆனால் வெளிநாட்டிலிருக்கும் படைவீரர்களுக்கு வாக்குச்சீட்டு போய்விட்டது. இனி மாற்ற முடியாது. முடிந்தாலும் மாற்றமாட்டேன். "அண்ணனுக்காகத் தேதிய மாத்திட்டா பாரு" என்பார்கள்.

உன் வேட்டைக்காரர்களைத் தபாலில் ஓட்டுப் போடச் சொல். தேர்தல் முடியும்வரை போன் செய்யாதே, உன் குரலைக் கேட்டால் இளகிவிடுவேன். அண்ணிக்கு என் அன்பு.

ஐலி

நவம்பர் 17

ஐலிம்மா,

வேட்டை முகாம் ஒன்று விடாமல் ஏறி இறங்கி எல்லாரையும் தபாலில் போட வைத்தேன். வேட்பாளர் நேரில் போய்ப் போடுவதுதானே அழகு என்று நான் மட்டும் இருந்துவிட்டேன். விடிந்ததும் ஒரு மணி நேரம் காட்டுக்குப் போய் வரலாமே என்று கிளம்பினேன். கொம்பு விரித்துக்கொண்டு ஒன்று வந்து நின்றது. சுட்டேன். அடிபட்டு ஓடிவிட்டது. அடிபட்ட மானை அப்படியே விட்டுவிட்டு வருகிறவன் மனிதனா? பனியில் ரத்தத் தடம் பார்த்துச் சதுப்பெல்லாம் சுற்றி, கண்டுபிடித்து இழுத்து வந்தால், வாக்குச்சாவடியைப் பூட்டிவிட்டார்கள்.

ஒரே ஓட்டில் தோற்றேன். "மானுக்கா ஓட்டுப் போட்டுட்டு வந்தீங்க?" என்று கேட்டு லொரேன் இன்னும் திட்டிக்கொண்டிருக்கிறாள். பெர்னிஸ் கை குலுக்க வந்தாள், கறி கொடுத்தனுப்பினேன். மறு எண்ணிக்கை கேட்கப் போவதில்லை.

கோபமா?

ரெய்னோ

நவம்பர் 21

அன்பு அண்ணா,

கோபமாவது! பெர்னிஸ் வென்றாள் என்ற சான்றிதழில் காலையில் கையெழுத்துப் போட்டேன். போட்டுவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன், சிரித்தேன்.

நீ ஓட்டுப் போட்டிருந்தால் இருவருக்கும் சமம். சமமானால், எல்லார் முன்னாலும் ஆளுநரே சீட்டுக் குலுக்கி எடுக்க வேண்டும் என்பது இங்குள்ள சட்டம். உன் பெயர் வந்திருந்தால் ஊர் என்னை நம்பியிருக்காது. அவள் பெயர் வந்திருந்தால், என் கையாலேயே உன்னைத் தோற்கடித்தேன் என்று சாகும்வரை உறங்கியிருக்க மாட்டேன்.

வியாழக்கிழமை நன்றி நாள் விருந்துக்கு வருகிறேன். அதற்குள் அண்ணியைச் சமாதானப்படுத்தி வை.

தோற்றதற்கு நன்றி, அண்ணா.

ஐலி