பேஸ்டிங் ஹாலின் பின் கதவு

ஜூன் 9

செம நியூஸ், தொழிற்சாலைகளுக்கான தீ பாதுகாப்பு விதியைக் கமிட்டி போட்டுப் புதுசா எழுதுறாங்களாம், வரைவை நெட்டில் போட்டாச்சு, யார் வேணா கருத்து சொல்லலாமாம், யார் வேணான்னா நானும்தான்!!

கம்பெனி பஸ் ஆம்பூரிலிருந்து மாதனூர் வருவதற்குள் முழுவதையும் படித்துவிட்டேன். இங்கிலீஷ்தான், மொழிபெயர்ப்பு ஆப்பில் போட்டுப் போட்டுப் படித்தேன். பத்தி 6.4-இல் கண் நின்றுவிட்டது. பசை, தின்னர் என்று சட்டென்று பற்றிக்கொள்ளும் பொருளை வைத்து வேலை செய்யும் ஹாலில், வெளியே போகும் கதவு உள்ளிருந்து சாவி இல்லாமல் திறக்க வேண்டும்.

எங்கள் ஷூ கம்பெனியில், பசை தடவி ஒட்டும் பேஸ்டிங் ஹாலின் பின் கதவில் பூட்டு. ஷூ ஜோடி ஜோடியாகக் காணாமல் போகிறது என்று போட்டது. பிப்ரவரியில் சொல்யூஷன் பசை டப்பா பற்றிக்கொண்டபோது சாவி சூப்பர்வைசர் பாக்கெட்டில், சூப்பர்வைசர் கேன்டீனில். மற்றவர்கள் முன்பக்கம் ஓடிவிட்டார்கள். என் தோழி வஹீதாவின் மேஜை கடைசி. அவள் பின் கதவை இடித்துக்கொண்டு நின்றாள். ரெண்டு கையும் வெந்துபோச்சு. நான் பக்கத்து ஹாலில் பேக்கிங்கில் இருந்தேன். சத்தம் கேட்டது.

எழுதும்போது அழுகை வரவில்லை. அதுக்கப்புறம் எதுவுமே வரல. தலைவன் படத்துக்கு முதல் நாள் முதல் ஷோ போனேன். எல்லாரும் கத்தினார்கள். நான் பாப்கார்ன் தின்றுகொண்டிருந்தேன்.

ஜூன் 10

நான் அட்மினாக இருக்கும் ரசிகர் பேஜில் போட்டேன். "பூட்டிய கதவு கொலை. 6.4 வேண்டும்." அப்படியே காப்பி பண்ணி அனுப்புங்க என்றேன். போஸ்டர் ரிலீஸ் நாள் மாதிரி பறந்தது. நானூறு பேருக்கு மேல் அனுப்பியிருக்கிறார்கள். சேலத்துப் பையன் ஒருவன், "அக்கா, கமிட்டி சர்வரையே கவுத்துடலாமா?" என்று கேட்டான். பழக்க தோஷத்தில் நெருப்பு எமோஜி போட்டேன். உடனே அழித்தேன்.

சந்தோஷமாத்தானே இருக்கணும்?

ஜூன் 15

வஹீதா வீட்டுக்குப் போனேன். விரல்களில் இன்னும் கட்டு.

"இன்னாடி, உன் தலைவன் வந்து பூட்ட ஒடைப்பானா?"

"அவன் ரசிகருங்க ஒடைப்பாங்கடி."

"சீக்கிரம் ஒடைக்கச் சொல்லு. எச்ஆர்லேர்ந்து போன் வந்துச்சு. கை சரியானா அதே மேஜை தர்றாங்களாம். அந்தக் கதவு அப்டியே இருந்தா நான் வரமாட்டேன், தமிழினி. வராம இன்னா பண்றதுன்னும் தெரியல. பேஸ்டிங் வுட்டா எனக்கு வேற இன்னா தெரியும்?"

அவளுக்குப் பிடித்த தம் பிரியாணி வாங்கிப் போயிருந்தேன். ஊட்டிவிட்டேன். தொட்டுக்கொள்ளக் கெட்டியான கத்திரிக்காய்த் தொக்குதான் வேண்டும் என்று அடம்பிடித்தாள்.

ஆகஸ்ட் 19

திருத்திய வரைவு வந்துவிட்டது. 6.4: "சாவி இல்லாமல் திறக்க வேண்டும், அல்லது சாவி ஹால் பொறுப்பாளரிடம் இருக்க வேண்டும்."

பொறுப்பாளரிடம்தானே இருந்துச்சு!

வந்த கருத்துகளையும் அட்டவணையாகப் போட்டிருக்கிறார்கள். எங்களுடையது: "அனைத்தும் ஒரே வாசகம். ஒரே கருத்தாகக் கொள்ளப்பட்டது. மாற்று வாசகம் தரப்படவில்லை." அதற்குக் கீழே முதலாளிகள் சங்கம். ஒரே ஒரு கடிதம். "ஏற்கப்பட்டது."

நாங்க எல்லாரும் சேந்து ஒண்ணு.

ஆகஸ்ட் 20

வேலைக்குப் போனேன். வந்தேன்.

ஆகஸ்ட் 22

கேன்டீனில் நயீம் அகமது சார். கம்பெனியின் சேஃப்டி ஆபீசர்.

"சார், சங்கத்து லெட்டர் யார் எழுதுனது?"

டீயை ஊதினார். "நான்தாம்மா."

"வஹீதாவ வண்டில ஏத்துனதே நீங்கதான சார்?"

"ஆமா. அதுக்கு இன்னா பண்ணச் சொல்ற? ஷூ திருட்டு போகுதுன்னு மொதலாளிங்க எல்லாம் சொன்னாங்க. அத வாசகமா எழுதிக் குடுன்னாங்க, குடுத்தேன். கமிட்டில சங்கத்துக்கு ஒரு சீட் இருக்கு. அவங்க அங்க போய் வேணாம்னு சொல்லல. இத எடுத்துட்டு இத போடுன்னாங்க. நீங்க சும்மா கத்துனீங்க."

"கத்தாம இன்னா சார் பண்றது?"

"என்ன பேஜார் பண்ணாதம்மா. திருத்துன வரைவுக்கும் கருத்து சொல்ல செப்டம்பர் கடைசி வரைக்கும் டைம் குடுத்திருக்கான், போ."

அவர் மேல் கோபம் வந்திருக்க வேண்டும். என் டம்ளரைக் கழுவி வைத்துவிட்டு லைனுக்குப் போனேன்.

ஆகஸ்ட் 31

இந்த மாதிரிக் கருத்தை எப்படி எழுதுவது என்று யூடியூபில் தேடினேன். பார்வை எண்ணிக்கை ரொம்பக் கம்மியான வீடியோ ஒன்று கிடைத்தது. எந்தப் பத்தி, என்ன மாற்று வாசகம், ஏன். அவ்வளவுதான். மாற்று வாசகத்தில் சிக்கிக்கொண்டேன். வஹீதாவிடம் படித்துக் காட்டினேன்.

"ஷூ போகுதுன்னுதான பூட்டு?" என்றாள். "ஆஸ்பத்திரில எங்க வார்டு கோடில ஒரு கதவு இருந்துச்சுடி. தள்ளுனா தொறந்துக்கும், ஆனா மணி அடிச்சு ஊரையே கூட்டிடும். ஒரு பெரியவரு பீடி புடிக்க டெய்லி தள்ளுவாரு, நர்சு திட்டிக்கினே ஓடிவரும். அந்தக் கதவ போடச் சொல்லு. திருடன் தள்ளுனாலும் கத்தும், நான் தள்ளுனாலும் கத்தும்."

சொல்லிவிட்டுச் சிரித்தாள். என் வாயும் அசைந்தது.

அவள் பெயரிலேயே அனுப்பினோம். காரணம் என்ற இடத்தில் அவள் சொன்னதை அப்படியே போட்டேன்: "சாவி வைத்திருந்தவர் கேன்டீனில் இருந்தார். நான் உள்ளே இருந்தேன்."

செப்டம்பர் 3

நயீம் சாரிடம் காட்டினேன். படித்தார். மறுபடி படித்தார். வாட்ஸப்பில் அனுப்பச் சொன்னார்.

"மணி வெச்ச கதவுன்னா மொதலாளிங்களுக்கும் பூட்டு எதுக்கு? பேசிப் பாக்குறேன். சத்தியமெல்லாம் பண்ண மாட்டேன்."

அக்டோபர் 14

கமிட்டி ஆன்லைனில் கூடியது. கருத்து அனுப்பியவள் என்று வஹீதாவையும் கூப்பிட்டார்கள். போனை நான் பிடித்துக்கொண்டேன்.

அந்தப் பக்கம் தமிழ் தெரிந்த ஒருவர் கேட்டார்: "சாவி உங்க கையில இருந்திருந்தா திறந்திருப்பீங்களாம்மா?"

"கையே எரிஞ்சிக்கிட்டு இருந்துச்சு சார். சாவிய எதால புடிப்பேன்? தோள் மட்டும்தான் இருந்துச்சு. தோளால இடிச்சேன்."

அவர் அதை மற்றவர்களுக்கு இங்கிலீஷில் சொன்னார். பிறகு சங்கத்துக்காரர், மணிக் கதவுக்கு ஆட்சேபம் இல்லை என்றார். இதை நயீம் சார்தான் அவரைச் சொல்ல வைத்திருப்பார்.

டிசம்பர் 17

விதி வெளியாகிவிட்டது. 6.4-இல் சாவி என்ற சொல்லே இல்லை. தள்ளினால் திறக்கும், திறந்தால் மணி அடிக்கும் கதவு.

அதே பக்கத்தில் கீழே, 6.9: "இயங்கிவரும் கட்டடங்களுக்கு மூன்று ஆண்டு அவகாசம்." சங்கம் கேட்டு வாங்கியது. எங்கள் ஹால் இயங்கிவரும் கட்டடம்.

போனில் வஹீதாவுக்குப் படித்துக் காட்டினேன்.

"அப்ப நம்ம கதவு?"

"அப்டியேதான்டி."

"சரி, எச்ஆருக்கு நான் வரலன்னு சொல்லிடுறேன்."

சரிடி என்றேன்.

டிசம்பர் 22

அவள் மேஜைக்குப் புதுசாக ஒரு பெண் வந்திருக்கிறாள். குர்ஷித். பின் கதவு எங்கே என்று காட்டினேன். பூட்டையும் காட்டினேன்.

டிசம்பர் 23

பேஜில் இன்று போட்டது:

ஆம்பூர், வாணியம்பாடி, மேல்விஷாரம் பக்கம் ஷூ கம்பெனி, தோல் கம்பெனில வேல பாக்குறவங்க, உங்க வீட்ல யாராவது பாத்தா அவங்களும். பழைய கட்டடத்துக்குக் குடுத்த மூணு வருஷ அவகாசத்தக் கொறைக்கச் சொல்லி கமிட்டிக்கு எழுதப் போறோம். உங்க ஹால்ல பின் கதவு இருக்கா, சாவி யார்கிட்ட இருக்கு, நீங்க அதுலேர்ந்து எவ்ளோ தூரத்துல உக்காந்திருக்கீங்க? உங்க வார்த்தைல எழுதி அனுப்புங்க, தப்பா இருந்தாலும் பரவால்ல. பத்தி நம்பர் நான் போட்டுத் தர்றேன். ஒவ்வொண்ணும் தனித்தனியாப் போகணும்.