மாசியில் சாரல்

சென்னை
20.1.2025

அன்புள்ள அப்பாவுக்கு,

செல்வி எழுதுவது. நலம். போனில் நீங்கள் "சரி, வையி" என்பதைத் தவிர எதுவும் சொல்வதில்லை, அதனால் கடிதம்.

கண் மருத்துவ வரலாற்றுக் கழகத்தில் வேலை பழகிவிட்டது. நூறு வருடத்துக்கு முந்தைய கண் டாக்டர்களின் நோட்டுகளைப் படியெடுக்கிறேன். கூட்டத்துக்கு வருகிற பெரிய டாக்டர்கள் என்னை டீ கொடுப்பவள் என்று நினைத்துக் காலி டம்ளரை நீட்டுகிறார்கள். நானும் வாங்கிக் கழுவி வைத்துவிடுகிறேன். மார்ச் கூட்டத்தில் நானும் ஒரு கட்டுரை வாசிக்க வேண்டுமாம். நினைத்தால் இப்போதே பயமாக இருக்கிறது.

போன கடிதத்தில் உங்கள் எழுத்து ஏன் வரி விட்டு மலையேறுகிறது? கோடு போட்ட தாள் வாங்குங்கள்.

உங்கள் மகள்,
இசக்கிச்செல்வி


ஐந்தருவி, குற்றாலம்
மாசி 8

அன்பு மகள் செல்விக்கு அப்பா எழுதுவது.

பழம் வாங்க ஆளில்லை. சீசனுக்கு இன்னும் மூணு மாசம் கெடக்கு. இங்கன ஒரே சாரலா இருக்கு. எதிர்ல வருத ஆளு யாருன்னு தெரியமாட்டேங்கு. சைக்கிளைப் பக்கத்துக் கடை சலீம் அண்ணாச்சிட்ட கொடுத்துட்டேன். "ஏ மணிமுத்து, பழக்கூடைன்னு நெனச்சு என் மடியில கைய விடுதியே"ன்னு கேலி பண்ணுதாரு.

நீ லீவு போட்டு வந்துராத. டம்ளர் கழுவுதத விடு. கட்டுரையைச் சத்தமா வாசி.

அப்பா


சென்னை
17.3.2025

அன்புள்ள அப்பா,

வாசித்துவிட்டேன்! நான் படியெடுக்கும் நோட்டில், குற்றாலத்துக்காரர் ஒருவர் அந்தக் காலத்து டாக்டரிடம் மாசி மாதத்தில், "எப்பவும் சாரலா இருக்கு" என்று சொல்லியிருக்கிறார். டாக்டர் ஊருக்குப் புதியவர். 'மழை விட்டதும் வரச் சொல்லி அனுப்பினேன்' என்று எழுதி வைத்திருக்கிறார். மாசியில் எங்கள் ஊரில் ஏது சாரல், அது ஆனி ஆடியில்தான், அவர் சொன்னது தன் கண்ணை என்றேன். எல்லோரும் கை தட்டினார்கள். "அந்த ஊர்ப் பொண்ணுக்குத்தான் இது தெரியும்" என்றார் செயலாளர். அன்றைக்கு எனக்கு ஒருவர் டீ கொண்டுவந்து கொடுத்தார்.

அங்கே குடையில்லாமல் அலையாதீர்கள். சாரல் விட்டதும் ஒருமுறை வருகிறேன்.

செல்வி


ஐந்தருவி
பங்குனி 15

அன்புள்ள செல்விக்கு,

உன் அப்பா சொல்லச் சொல்ல முகம்மது சலீம் எழுதுகிறேன்.

"ஏட்டி, உன் லெட்டரை அண்ணாச்சி ரெண்டு மட்டம் வாசிச்சாரு. அந்தச் சாரல் வந்த எடத்துல ரெண்டு மட்டமும் நிறுத்திட்டாரு. நல்லாக் கண்டுபிடிச்சிருக்க. நீ பயமில்லாம வாசிச்சு முடிக்கட்டும்னுதான் நான் கண்ணைச் சொல்லாம சாரல்னு எழுதுனேன். அந்த மனுசனுக்கு மக இருந்தாளான்னு நோட்டுல போட்டிருக்கா?"

இனி நான் சொல்வது. நேற்றுத் தென்காசிக்குக் கூட்டிப் போனேன். கண்ணில் அழுத்தமாம். போன பார்வை திரும்பாதாம். ஒரு மாதம் முன்னால் வந்திருந்தால் கொஞ்சமாவது மிச்சம் பிடித்திருக்கலாம் என்றார் டாக்டர். "மழை விடட்டும்னு இருந்துட்டேன்" என்று உன் அப்பா அவரிடம் சிரிக்கிறார்.

சலீம்


சென்னை
பங்குனி 20

அப்பா,

மகள் இருந்தாளா என்று நோட்டில் இல்லை.

உங்கள் கடிதத்தைத் தேடி எடுத்தேன். மேலே மாசி 8 என்று நீங்களே போட்டிருக்கிறீர்கள். எழுத்து மேலேறி ஓரத்தில் தாளை விட்டே போயிருக்கிறது. கூட்டத்துக்கு முந்தின நாள், பக்கம் தவறாமல் இருக்க அதை மடித்து நோட்டுக்குள் வைத்திருந்தேன். அந்தக் குற்றாலத்துக்காரரின் பக்கத்தில்.

ஞாயிற்றுக்கிழமை வருகிறேன்.

சலீம் மாமா, எந்த இடத்திலும் நிறுத்தாமல் வாசித்துவிடுங்கள்.

செல்வி